மதனப்பள்ளியில் மூப்பெய்திய தம்பதி

ஆற்காடு மிஷனின் வரலாற்றில் ஜேக்கப் சேம்பர்லின் என்ற பெயர் வரும் இடங்களில் பெரும்பாலும் ஒரு குடையும் கூடவே வந்துவிடும். காட்டுவழியில் எதிர்ப்பட்ட சிறுத்தையின் முகத்துக்கு நேரே தம் குடையைப் படாரென்று விரித்து அதை ஓடச் செய்தார் என்பது கதை. 1896இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே புலிக்காடு இருக்கிறது. அமெரிக்கத் திருச்சபையினரிடம் இந்தியப் பணிக்கு ஆதரவு திரட்டவென்று எழுதப்பட்ட அவ்வகை நூல்களில் பாம்பும் புலியும் வெள்ளம் புரண்ட ஆறும் இல்லாமல் முடியாது. படிப்பவர் ஓஹையோவிலோ நியூஜெர்சியிலோ கணப்படுப்பின் அருகில் அமர்ந்திருக்கிறார். அவரை மதனப்பள்ளி வரை இழுத்துவர ஒரு புலி தேவைப்பட்டது.

சேம்பர்லின் இந்தியாவில் கால்வைத்தது 1860இல். மதனப்பள்ளியில் இறந்தது 1908 மார்ச் 2ஆம் நாள். இடைப்பட்ட நாற்பத்தெட்டு ஆண்டுகளில் விடுப்புக் காலங்களைக் கழித்தாலும், காட்டில் கழிந்தவற்றைவிட ஒரே ஊரின் ஒரே வளாகத்தில் கழிந்தவையே பன்மடங்கு மிகுதி. அந்த ஆண்டுகளை அவர் தனியாகக் கழிக்கவில்லை. சார்லட் பர்ஜ் என்ற பெண்மணி அவற்றில் சரிபாதிக்கு உரியவர். குடைக்கதையில் அவருக்கு இடமில்லை. புலி வராத நாட்களைப் பற்றி, அதாவது இவ்விருவரும் அயல்மண்ணில் மெல்ல மெல்ல முதியவர்களான காலத்தைப் பற்றி, மிஷன் வரலாறு எழுதுவோர் அதிகம் கவலைப்பட்டதில்லை. மிஷன் வரலாற்றை மறுத்து எழுதுவோரும் கவலைப்பட்டதில்லை. முன்னவருக்கு வீரன் வேண்டும். பின்னவருக்குப் பேரரசின் முகவர் வேண்டும். மூட்டுவலியோடு அகராதி எழுதும் கிழவர் இருவருக்குமே பயன்படமாட்டார்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இன்றைய மாநில எல்லைகள் பழைய கோப்புகளைத் தவறாகப் படிக்க வைக்கின்றன. 1911 வரை சித்தூர் என்றொரு மாவட்டம் கிடையாது. சித்தூர் நகரம் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. வேலூரும் திருப்பதியும் திருத்தணியும் அதே மாவட்டத்தில் அடங்கின. மதனப்பள்ளி மட்டும் கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1911இல் இப்பகுதிகளை இணைத்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திரத்துக்குப் போயிற்று. 1960இல் திருத்தணி மட்டும் தமிழகத்துக்குத் திரும்பியது. வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி எழுதும்போது இவற்றையெல்லாம் நினைவுகூரும் தமிழ் ஆய்வாளர்கள், மிஷன் ஆவணங்களைப் படிக்கும்போது மறந்துவிடுகிறார்கள். ஆற்காடு மிஷனின் ஆண்டறிக்கைகளில் தமிழும் தெலுங்கும் ஒரே பக்கத்தில் வருவது இதனால்தான். அந்த மிஷனுக்கு அது ஒரே நிலப்பரப்பு.

அந்த மிஷனைத் தொடங்கியவர்கள் ஸ்கடர் குடும்பத்தினர். டாக்டர் ஜான் ஸ்கடரும் அவர் மனைவி ஹாரியட்டும் 1819இல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பதினாறு ஆண்டுகளைப் போலக் கழித்துவிட்டு, 1836இல் சென்னைக்கு வந்தவர்கள். ஹாரியட் 1849இல் சென்னையில் இறந்தார். ஜான் உடல்நலம் தேடித் தென்னாப்பிரிக்காவுக்குப் போன இடத்தில் 1855இல் இறந்தார். இருவருடைய கல்லறைகளுக்கும் இடையே ஒரு பெருங்கடல். அவர்களுடைய மகன்களில் மூவர், ஹென்றி, வில்லியம், ஜோசப் ஆகியோர், 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினர். சித்தூர் அதன் தொடக்ககால நிலையங்களுள் ஒன்று. மக்கள் மொழியில் நற்செய்தி கூறுவதே பணி, ஆங்கிலப் பள்ளி நடத்துவது பணியன்று என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கை. இந்தக் கொள்கை என்ன ஆயிற்று என்பது பின்னால் வரும்.

ஸ்கடர்களுக்குத் தமிழ் வீட்டுமொழி போல வாய்த்தது. அவர்களில் பலர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். ஆனால் சித்தூருக்கு மேற்கே மலையேறிப் பலமனேர் பக்கம் போனால் தெலுங்கு வேண்டும். அந்தத் தேவைக்கு வந்து சேர்ந்தவர்கள் சேம்பர்லின் தம்பதியர். ஜேக்கப் 1835இல் கனெக்டிகட்டில் பிறந்து ஓஹையோவில் வளர்ந்தவர். இறையியலோடு மருத்துவமும் பயின்றவர். 1859 செப்டம்பரில் திருமணம். ஆண்டு முடிவதற்குள் கப்பல். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பாய்மரக் கப்பலில் ஏறக்குறைய நான்கு மாதம் பயணம் செய்து 1860 ஏப்ரலில் சென்னையில் இறங்கினார்கள். திருமணமாகி ஏழு மாதம். அதில் பாதிக்கு மேல் கடலில். பலமனேரில் சில காலம் இருந்துவிட்டு, 1863இல் மதனப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அதே 1863இல்தான் அந்தப் புகழ்பெற்ற பயணம் நடந்தது. ஜேக்கப், உள்ளூர் உதவியாளர்கள் சிலரோடு, புத்தக வண்டிகளுடன் நிஜாமின் ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்து, கோதாவரிக் காடுகள் வழியாக ஏறத்தாழ 1,200 மைல் சுற்றித் திரும்பினார். அவரது நூல்களில் உள்ள சிறந்த கதைகள் பல இப்பயணத்தில் விளைந்தவை. அங்கே பற்றிய காட்டுக்காய்ச்சல் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. இந்தப் பயணத்தில் சார்லட் இல்லை. அவர்களுடைய மூத்த மகன் வில்லியம் 1862இல் பிறந்தவன். தந்தை கிளம்பும்போது கைக்குழந்தை. அந்த மாதங்களில் ரயிலும் தந்தியும் எட்டாத ஒரு புதிய நிலையத்தைச் சேர்ந்த இளம்பெண், தாய்மொழி பேசும் அண்டைவீட்டார் எவருமில்லாத சூழலில், கணவர் உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாமல் ஒரு குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்தப் பயணத்தின் மறுபக்கம். பயணம் நூலாயிற்று. காத்திருந்ததை எழுத எந்தப் பதிப்பகமும் கேட்கவில்லை.

மிஷன் பதிவேடுகளில் பெண்கள் எப்படி இடம்பெறுகிறார்கள் என்பதைப் பார்த்தால் இது தற்செயலானதன்று என்பது விளங்கும். அமெரிக்க மிஷன் சங்கங்களின் வழக்கில் மனைவியருக்கு இருந்த பதவிப்பெயர் 'துணை மிஷனரி'. உள்நாட்டு உதவியாளர்களுக்கும் ஏறத்தாழ இதே சொல்தான். ஊதியம் கணவர் பெயரில். கடிதப் போக்குவரத்து கணவர் பெயரில். பட்டியலில் திருமதி என்ற சொல்லுக்குப் பின் கணவரின் பெயர். சீர்திருத்தத் திருச்சபைப் பெண்கள் தங்களுக்கென வெளிநாட்டுப் பணிச் சங்கம் ஒன்றை அமைத்தது 1875இல். சார்லட் இந்தியா வந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்த பிறகு. அதன் பின்னரே பெண்கள் பள்ளிகளும் வீடுசார் கல்வியும் தனித் தலைப்பின்கீழ் அறிக்கைகளில் இடம்பெறத் தொடங்குகின்றன. அதற்கு முன்பும் நிலையங்களில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்தவர்கள் மிஷனரி மனைவியரே. தொற்றுநோய்க் காலங்களில் கஞ்சி காய்ச்சியவர்களும் அவர்களே. கணக்கில் வராத உழைப்பு என்று பெண்ணியப் பொருளியலார் இன்று பேசுவதற்கு மிஷன் வளாகத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. இதைப் பற்றி ஒரு முனைவர்ப்பட்ட ஆய்வு தமிழிலோ தெலுங்கிலோ வருமானால் நல்லது. கச்சாப்பொருள் ஏராளமாக இருக்கிறது. வரிகளுக்கிடையே படிக்கும் பொறுமைதான் வேண்டும்.

இத்தகைய குடும்பங்கள் செலுத்திய விலைகளில் மிகப் பெரியது பிள்ளைகள். ஒரு வயது வந்ததும் அவர்களைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ அவர்கள் வளர்வார்கள். பெற்றோரை அடுத்துக் காண்பது எப்போது என்பது சங்கத்தின் விடுப்பு விதிகளையும் கப்பலையும் காய்ச்சலையும் பொறுத்தது. சேம்பர்லின் மகன்களான வில்லியமும் லூயிஸும் ரட்கர்ஸ் கல்லூரியில் பயின்றார்கள். வியப்பு என்னவென்றால், இருவருமே படிப்பு முடிந்ததும் ஆற்காடு மிஷனுக்கே திரும்பி வந்தார்கள். ஸ்கடர் வீட்டிலும் இதுவே நடந்தது. நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்தப் பணிக்கு வந்தார்கள். இதை இறையழைப்பு என்று மிஷன் நூல்கள் சொல்லும். அது பொய்யன்று. எனினும் வேறொரு விளக்கத்தையும் புறந்தள்ள முடியாது. சிறுவயதில் தன்னைப் பிரித்தனுப்பிய வீட்டைத் தேடி ஒரு பிள்ளை திரும்பி வருவதற்கு இருந்த ஒரே ஏற்புடைய வழி மிஷனரி ஆவதுதான். சிற்றப்பாவும் அத்தையும் வந்து சேர்ந்த அதே நிலப்பரப்புக்குப் பேரப்பிள்ளைகளும் வந்ததைத் தொழில்மரபு என்றுகூடச் சொல்லலாம். குயவர் வீட்டுப் பிள்ளை சக்கரத்தின் முன் அமர்வதைப் போல.

ஜேக்கப்பின் உடல் பலமுறை அவரைக் கைவிட்டது. ஒருமுறைக்கு மேல் நோயாளியாகவே அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஒவ்வொரு முறையும் அங்கேயே தங்கிவிடுவதற்கு நியாயமான காரணம் இருந்தது. கேட்போரைக் கட்டிப்போடும் பேச்சாளர் அவர். சொந்த நாட்டில் திருச்சபைப் பணி கிடைக்காமல் போயிருக்காது. ஆயினும் இருவரும் திரும்பி வந்தார்கள், ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும். பக்தி என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்கிவிட்டுப் போவது எளிது. ஆனால் ஐம்பது வயதான ஒரு மனிதரின் அறிவில் பெரும்பகுதி ஒரு மொழியில் இருக்கிறதென்றால், அந்த மொழி பேசப்படாத ஊரில் அவர் பாதி மனிதர்தான். தெலுங்குப் பேச்சு நயமும், எந்தச் சந்தையில் எந்த நாளில் கூட்டம் கூடும் என்ற கணக்கும், எந்த ஊர் ரெட்டி எப்படிப்பட்டவர் என்ற தெரிவும் ஓஹையோவில் செல்லாக்காசு. சார்லட்டுக்கும் அவ்வாறே. அவர் வீடு நடத்தியது, பிள்ளை பெற்றது, நோய் பார்த்தது எல்லாம் இந்த மண்ணில். இளமையில் வந்தபோது அவர்கள் அயல்நாட்டுக்குப் போனார்கள். முதுமையில் கப்பலேறியபோது வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மூப்பு இன்னொன்றையும் செய்தது. நடந்து திரிய முடியாதவரை நாற்காலியில் உட்கார வைத்தது. 1873 முதல் 1894 வரை தெலுங்கு வேதாகமத் திருத்தக் குழுவின் தலைவராக ஜேக்கப் இருந்தார். இருபத்தொரு ஆண்டுகள். குடைக்கதையின் நீளம் சில நொடிகள். மொழிபெயர்ப்புக் குழு என்பது பல சபைகளைச் சேர்ந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு வினையெச்சத்துக்காக ஒரு பிற்பகலைச் செலவிடும் இடம். தமிழில் இதற்கு இணையான வரலாறு ஆய்வுலகம் நன்கறிந்ததே. சீகன்பால்குவின் 'சர்வேசுரன்', பெப்ரிசியுசின் 'பராபரன்', பெர்சிவல் தலைமையில் ஆறுமுக நாவலர் கைபட்ட பெயர்ப்பு, பின்பு 1871இல் போவரின் பதிப்பில் நிலைபெற்ற 'தேவன்' என்று கடவுளுக்கான ஒற்றைச் சொல்லே ஒன்றரை நூற்றாண்டு நடந்திருக்கிறது. ஒவ்வொரு சொல் மாறும்போதும் பழைய சொல்லால் செபித்துப் பழகிய கிழவிகள் முணுமுணுத்திருப்பார்கள். தெலுங்கிலும் அத்தகைய இழுபறிகள் இருந்தன. அவற்றில் தீர்ப்புச் சொல்ல நாற்பது ஆண்டுக்காலச் செவிப்பழக்கம் தேவைப்பட்டது. புதிதாக வந்திறங்கிய இளைஞரால் அது முடியாது. கடைசி ஆண்டுகளில் வாத நோயினூடே அவர் ஈடுபட்டிருந்தது தெலுங்கில் ஒரு திருமறை அகராதி. அதை அவர் முடிக்கவில்லை. அகராதிக்காரர்கள் பலருக்கும் நேர்வதுதான்.

இனி, எண்ணிக்கை. இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று அன்றைய சங்கமும் கேட்டது, இன்றைய அரசியலும் கேட்கிறது. சேம்பர்லினின் கதைகளில் திரும்பத் திரும்ப வருபவர்கள் சந்தைவெளியில் நின்று வாதிடும் பிராமணர்கள், வேதம் கற்ற முதியவர்கள், இரவில் இரகசியமாக வந்து பேசும் உயர்குடியினர். ஆனால் திருச்சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள் அல்லர். தெலுங்குப் பகுதியில் மாலர், தமிழ்ப் பகுதியில் பறையர் என்று ஒடுக்கப்பட்ட மக்களே வந்தார்கள். சந்தையில் யாரை நோக்கிப் பேசினாரோ அவர் வீட்டுக்குப் போய்விட்டார். கூட்டத்தின் ஓரத்தில், எட்டி நிற்க வேண்டியிருந்த இடத்தில் நின்று கேட்டவர் மறுநாள் வந்தார். மிஷனரி நூல்கள் இந்த முரணைப் பெரிதாகப் பேசுவதில்லை. அமெரிக்க வாசகருக்குத் தத்துவ விவாதம் செய்யும் பிராமணர் சுவையான பாத்திரம். கிணற்று உரிமைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வழி தேடி வந்த மாலக் குடும்பம் அவ்வளவு சுவையாக இருக்கவில்லை போலும். இப்பணியின் உண்மையான வரலாறு இந்த இரண்டாவது குடும்பத்திடம்தான் இருக்கிறது. அதையும் வாய்மொழியாகவே தேட வேண்டும்.

ஓரத்தில் நின்று கேட்டவர்களுக்கு மிஷன் வளாகத்தில் யார் கதவைத் திறந்தார்கள்? பள்ளியும் மருந்தகமும். மருத்துவம் பயின்றிருந்த ஜேக்கப் மதனப்பள்ளியிலும் பலமனேரிலும் மருந்தகங்களைத் தொடங்கினார். அவர் காலத்துக்குப் பின் மதனப்பள்ளி மருத்துவத்துக்குப் பேர்போன ஊராயிற்று. மேரி லாட் லைல்ஸ் மருத்துவமனை எழுந்தது. பல மிஷன்கள் ஒன்றுகூடி அமைத்த காசநோய் மருத்துவமனை 1915இல் ஊருக்கு வெளியே ஆரோக்கியவரம் என்று பெயரிட்ட இடத்துக்கு வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் பிரிமோட் மோலர் அதை நடத்தினார். அவர் மகனும் அங்கேயே பணியாற்றினார். மீண்டும் அதே குடும்ப மரபு. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் தென்னாட்டின் பல மொழிக் குடும்பங்கள் தம் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டுநிலத்தின் வறண்ட காற்றைத் தேடி வந்தன.

திருப்பதியின் கதை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே பணியாற்றியவர்கள் ஜெர்மானிய லூத்தரன் சபையினரான ஹெர்மன்ஸ்பர்க் மிஷனரிகள். அவர்களை இத்தெலுங்குப் பகுதிக்கு அழைத்து வந்தவர் அகஸ்ட் மீலியுஸ். இளமையில் தமிழ்நாட்டில் லைப்சிக் மிஷனில் பணியாற்றி, நலங்குன்றித் தாயகம் திரும்பி, நாற்பதின் நடுவில் மறுபடியும் கிளம்பி வந்து, 1860களின் நடுப்பகுதியில் நாயுடுப்பேட்டையில் பணியைத் தொடங்கியவர். காளத்தி, வெங்கடகிரி, திருப்பதி என்று நிலையங்கள் பெருகின. ஏழுமலையானின் அடிவாரத்தில் ஒரு கிறித்தவப் பணித்தளம் என்பது இன்று படிப்பவருக்குப் பதற்றம் தரக்கூடும். அன்றைய நிலைமை இன்னும் சிக்கலானது. திருமலைக் கோயிலின் வருவாயைக் கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாக நிர்வகித்து வந்தது. கிறித்தவ அரசு கோயில் நடத்துவதா என்று இங்கிலாந்தில் மிஷன் ஆதரவாளர்கள் எழுப்பிய கூச்சலின் விளைவாக, 1843இல் கம்பெனி விலகிக்கொண்டு நிர்வாகத்தை ஹாதிராம்ஜி மடத்து மகந்தரிடம் ஒப்படைத்தது. 1933இல் தேவஸ்தானம் அமையும்வரை அந்த ஏற்பாடே நீடித்தது. கோயிலை அரசின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற குரலை முதலில் உரக்க எழுப்பியவர்கள் மிஷன் தரப்பினர் என்பதை இன்றைய விவாதங்களில் எவரும் நினைவுகூர்வதில்லை.

திருப்பதி மிஷனின் பெயர் வரலாற்றில் நிற்பது அதன் பள்ளியால். திருத்தணிக்காரச் சிறுவன் ஒருவன் 1896 முதல் 1900 வரை ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் பள்ளியில் படித்தான். அடுத்து வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரிஸ் கல்லூரியில் நான்கு ஆண்டுகள். பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. மிஷனரி ஆசிரியர்கள் இந்து சமயத்தின்மீது வைத்த விமர்சனமே தன்னை அதைக் கற்கத் தூண்டியது என்று அந்த மாணவர், சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், பிற்காலத்தில் எழுதினார். ஊரிஸ் கல்லூரியை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர், 1863இல் கைக்குழந்தையாக விடப்பட்ட அந்த வில்லியம் சேம்பர்லின். ஆங்கிலப் பள்ளி நடத்தமாட்டோம் என்று ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய மிஷன், அரை நூற்றாண்டுக்குள் கல்லூரி நடத்தி, தன் சமயத்துக்கு மாறாத, தன்னை மறுக்கக் கற்றுக்கொண்ட ஒரு மாணவரை உலகுக்கு அனுப்பியது. எந்த ஆண்டறிக்கையின் வெற்றிக் கணக்கிலும் அவர் இல்லை.

திருப்பதி ஜெர்மானியர்களுக்கு மதனப்பள்ளி அமெரிக்கர்களுக்குக் கிடைத்த ஒன்று கிடைக்கவில்லை. 1914இல் போர் மூண்டதும் அவர்கள் பகைநாட்டினர் ஆனார்கள். இந்தியாவிலிருந்த ஜெர்மன் மிஷனரிகள் அடைத்துவைக்கப்பட்டனர். 1915, 1916 ஆண்டுகளில் பலர் கோல்கொண்டா என்ற கப்பலில் ஏற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். முப்பது நாற்பது ஆண்டுகள் இங்கே இருந்தவர்களும் அவர்களில் உண்டு. பிள்ளைகளின் கல்லறைகள் இங்கே, தாங்கள் அங்கே. அவர்களுடைய தெலுங்குப் பணி ஓஹையோ லூத்தரன் சபையினரின் கைக்கு மாறியது. வெள்ளையர் என்ற ஒரே சொல்லால் மிஷனரிகளையும் ஆட்சியாளரையும் சேர்த்துக் கட்டும் எழுத்துக்கு இந்தக் கப்பல் ஒரு தடை. ஆட்சி நினைத்தால் மிஷனரியின் முதுமையைப் பறித்துக்கொள்ள முடிந்தது. நினைக்காதவரை அதன் நிழலில்தான் அவர் பாதுகாப்பாக மூப்பெய்தினார் என்பதும் உண்மையே. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது ஆய்வாகாது.

மதனப்பள்ளிக்கு இப்படிப்பட்டவர்களை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் இருந்திருக்க வேண்டும். பிரம்மஞான சபையினரான அயர்லாந்துத் தம்பதி ஜேம்ஸ் கசின்ஸும் மார்கரெட் கசின்ஸும் அங்குள்ள கல்லூரியில் பணியாற்றினார்கள். 1919இல் தாகூர் வந்து பாடிய 'ஜன கண மன' பாடலுக்கு மார்கரெட் அங்கேதான் இசைக்குறியீடு அமைத்தார். 1940களில் வாதத்தால் முடங்கிய அவர் 1954இல் இறந்தார். ஜேம்ஸ் 1956இல், மதனப்பள்ளியில். இவர்கள் மிஷனரிகளின் எதிர்முகாம். மிஷன் வளாகத்துக்கும் பிரம்மஞானக் கல்லூரிக்கும் ஆகாது. ஆனால் முதுமையை எங்கே கழிப்பது என்ற கேள்விக்கு இரு வீட்டாரும் ஒரே விடையைச் சொன்னார்கள்.

பெண்கள் பலர் கணவரைக் கடந்து வாழ்ந்தார்கள். இரண்டாம் ஜான் ஸ்கடர் 1900இல் கொடைக்கானலில் இறந்தபோது அவர் மனைவி சோபியா நாடு திரும்பவில்லை. 1861இல் இந்தியா வந்த அவர், மகள் ஐடாவோடு வேலூரில் தங்கி, 1925இல் அங்கேயே இறந்தார். ஐடா ஸ்கடர் கட்டிய மருத்துவமனையின் வரலாற்றை நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த மருத்துவர் பணி முடிந்து வீடு திரும்பும் நேரங்களில் அங்கே காத்திருந்த மூதாட்டியைப் பற்றி இரண்டொரு பத்திகள்தான் கிடைக்கும்.

ஜேக்கப் இறந்த 1908ஆம் ஆண்டிலேயே, நான்கு மாதங்கள் கழித்து ஜூலையில், தென்னிந்திய ஐக்கியச் சபை உருவாயிற்று. பிரிந்து கிடந்த மேனாட்டுச் சபைகளின் பெயர்களை இந்தியக் கிறித்தவர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று அவர் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தவர். அந்தப் பாதை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் போய்ச் சேர்ந்தது. அவருடைய கடைசி நூலும் அதே 1908ஆம் ஆண்டில், அவரது வாழ்க்கைக் குறிப்பு ஒன்று சேர்க்கப்பட்டு வெளியாயிற்று. மதனப்பள்ளியில் புதைக்கப்பட்டார். சார்லட் அவருக்குப் பின்னும் உயிர் வாழ்ந்தார். மிஷன் பட்டியலில் அவர் பெயர் அப்போதும் திருமதி ஜேக்கப் சேம்பர்லின்தான். பணிக்கு வந்த ஆண்டு என்ற கட்டத்தில் 1859.